காதில் ஒரு வில்லை: மாட்டுக்கு எண் போட வந்த அரசும், மறுத்து நின்ற சிறு விவசாயிகளும்



மாட்டுப் பொங்கலுக்கு முந்தின வாரம் அது. குனோங் ராபாட்டில் நான்காம் ஆண்டு வகுப்புக்கு ஒரு மாட்டின் படத்தைக் காட்டிப் பொங்கல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி கையைத் தூக்கினாள். "சார், இந்த மாடு ஏன் ஒரு காதுல மட்டும் மஞ்சள் தோடு போட்டிருக்கு?"

வகுப்பே சிரித்தது. "அது தோடு இல்லம்மா, அதோட ஐசி. அதுல ஒரு நம்பர் இருக்கும்" என்றேன். பின் வரிசையில் இருந்த ஒரு பையன் விடவில்லை. "அப்ப ஐசி இல்லாத மாட்டைப் போலீஸ் பிடிச்சுக்கிட்டுப் போகுமா சார்?"

மறுபடியும் சிரிப்புதான். ஆனால் அந்த இரண்டாவது கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். இந்தக் கேள்வியை உலகத்தில் பல ஊர்களில் பெரியவர்களே கேட்டிருக்கிறார்கள்; கூட்டம் போட்டுக் கேட்டிருக்கிறார்கள்; நீதிமன்றம் வரைக்கும் போய்க் கேட்டிருக்கிறார்கள். அந்த வரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை. நம் பிள்ளைகளில் பலருடைய தாத்தா பாட்டி தோட்டத்தில் மாடு வளர்த்தவர்கள். அதனால் இது நமக்குத் தூரத்துக் கதை இல்லை.

எண் வருவதற்கு முன்

மாட்டை அடையாளம் வைப்பது புதிய பழக்கம் ஒன்றும் இல்லை. மந்தையாக மேய்ப்பவர்கள் சூட்டுக்குறி போட்டார்கள். ஆடு வளர்ப்பவர்கள் காதில் ஒரு சின்ன வெட்டு வைத்தார்கள். இரண்டு மூன்று மாடு மட்டும் வைத்திருந்தவருக்கு அதுவும் தேவைப்படவில்லை. செவலை, மயிலை, காரி, வெள்ளச்சி என்று நிறமே பெயராக இருந்தது. கொம்பின் வளைவு, நெற்றிச் சுழி, நடை இவையெல்லாம் வீட்டுக்காரருக்கு மனப்பாடம். என் பாட்டி இருட்டில் கழுத்து மணியின் சத்தத்தை வைத்தே எந்த மாடு வருகிறது என்று சொல்லிவிடுவார்.

இந்த அடையாளங்களுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. போடுகிறவர் மாட்டுக்காரர், தேவை அவருடையது. "இது என் மாடு" என்று அக்கம்பக்கத்துக்குச் சொல்வதுதான் நோக்கம். அரசு கேட்கிற அடையாளம் வேறு வகை. மாடு யாருடையது என்பதோடு அது நிற்பதில்லை. எங்கே பிறந்தது, எந்தெந்தக் கொட்டகையில் நின்றது, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று மாட்டின் முழுப் பயணத்தையும் அது கேட்கிறது. ஏன் கேட்கிறது? நம் கிந்தா மாவட்டமே அதற்கு ஒரு பதில் சொல்லும்.

கிந்தாவில் தொடங்கிய பாடம்

1998 செப்டம்பர் இறுதியில் ஈப்போவைச் சுற்றியிருந்த பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் கடுமையான காய்ச்சலும் மூளை வீக்கமும் வரத் தொடங்கின. முதலில் அது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்தார்கள். கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. பயந்துபோன பண்ணைகளிலிருந்து பன்றிகள் விற்கப்பட்டுத் தெற்கே லாரியில் போயின. நோயும் அதே லாரியில் நெகிரி செம்பிலானுக்குப் போனது. புக்கிட் பெலாண்டோக் வட்டாரம் நிலைகுலைந்தது. அங்கிருந்து பன்றிகள் போன சிங்கப்பூரில் இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்கு நோய் கண்டது; ஒருவர் இறந்தார்.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் இது முற்றிலும் புதிய ஒரு கிருமி என்று கண்டுபிடித்தார். சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. மலேசியாவில் 265 பேருக்கு நோய். 105 பேர் மரணம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. அந்த ஆண்டுகளில் ஈப்போவில் இருந்தவர்களுக்கு அந்தப் பயம் இன்னும் நினைவிருக்கும்.

இந்தச் சம்பவத்தை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. விலங்குக்கு எண் போடுவதை எதிர்த்தவர்களின் கதையை மட்டும் சொன்னால், அரசு ஏதோ வேலையில்லாமல் காதைக் குத்த வந்தது போலத் தோன்றும். அப்படி இல்லை. நோய் கண்ட விலங்கு எங்கிருந்து வந்தது, அதோடு நின்ற மற்றவை இப்போது எங்கே என்பது சீக்கிரம் தெரிந்தால் உயிர்கள் பிழைக்கும்.

இங்கிலாந்துக்காரர்களும் இதைப் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றார்கள். 'பைத்திய மாட்டு நோய்' என்று நம் பத்திரிகைகள் எழுதிய பிஎஸ்இ நோய் அங்கே 1986இல் கண்டறியப்பட்டது. அது மனிதனுக்கும் வரக்கூடும் என்று 1996 மார்ச்சில் அரசு ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு ஜூலையில் ஒவ்வொரு கன்றுக்கும் 'மாட்டுப் பாஸ்போர்ட்' வந்துவிட்டது. ஆனால் செம்மறியாடுகளுக்குத் தனித்தனி எண் இல்லை. 2001 பிப்ரவரியில் கோமாரி நோய் வெடித்தபோது, சந்தை சந்தையாகக் கைமாறிய ஆடுகள் நோயை நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தன. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன.

ஆகவே எண் தேவைதான். அப்புறம் ஏன் சிறு விவசாயிகள் எதிர்த்தார்கள்? இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான விடை கிடைக்கும் இடம் அமெரிக்கா. அங்கேதான் எதிர்ப்பு ஒரு தேசியத் திட்டத்தையே நிறுத்தியது.

அமெரிக்கா: 48 மணி நேரக் கனவு

2003 டிசம்பர் 23 அன்று வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பால் மாட்டுக்கு பிஎஸ்இ இருப்பதாக அறிவிப்பு வந்தது. அமெரிக்காவில் அதுவே முதல் முறை. அந்த மாடு கனடாவிலிருந்து 81 மாடுகள் கொண்ட ஒரு கூட்டத்தோடு வந்தது. மற்ற மாடுகள் எங்கே என்று தேடினார்கள். பல வாரம் தேடியும் நோயுற்ற மாட்டையும் சேர்த்து 29 மாடுகளைத்தான் உறுதியாக அடையாளம் காண முடிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அமெரிக்க மாட்டிறைச்சிக்குக் கதவடைத்தன.

அடுத்த ஆண்டே, 2004இல், அமெரிக்க விவசாயத் துறை 'தேசிய விலங்கு அடையாளத் திட்டம்' என்ற ஒன்றை அறிவித்தது. திட்டத்தில் மூன்று படிகள். முதலாவது, கால்நடை நிற்கும் ஒவ்வோர் இடத்துக்கும் பதிவு எண். இரண்டாவது, ஒவ்வொரு விலங்குக்கும் 840 என்று தொடங்கும் 15 இலக்க எண். மூன்றாவது, விலங்கு இடம் மாறும் ஒவ்வொரு முறையும் அதைப் பதிவேட்டில் சேர்ப்பது. நோய் கண்டால் 48 மணி நேரத்துக்குள் எல்லாத் தடத்தையும் பிடித்துவிட வேண்டும் என்பது இலக்கு. 2005இல் வெளியான வரைவுத் திட்டம், 2009 ஜனவரிக்குள் இதைக் கட்டாயமாக்கப் போவதாகச் சொன்னது.

கேட்பதற்கு நல்ல திட்டம்தானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். சிறு விவசாயிகள் சொன்னதைப் படித்தபோதுதான் வேறு ஒரு கணக்கு தெரிந்தது.

அவர்கள் போட்ட கணக்கு

முதல் கணக்கு, யாருக்கு எத்தனை எண். ஒன்றாகவே பிறந்து, ஒன்றாகவே வளர்ந்து, ஒன்றாகவே இறைச்சிக்கூடத்துக்குப் போகிற விலங்குக் கூட்டத்துக்கு ஒரே ஒரு குழு எண் போதும் என்று திட்டம் அனுமதித்தது. ஆயிரக்கணக்கான பன்றிகளையும் பல்லாயிரம் கோழிகளையும் ஒரே தொழுவத்தில் அடைக்கும் பெரிய நிறுவனங்களுக்கு இது வசதி. பத்து மாடு, பதினைந்து ஆடு என்று பல வயதில், பல இடத்தில் வாங்கி வளர்ப்பவருக்கு ஒவ்வொன்றுக்கும் தனி எண், தனி வில்லை, தனி எழுத்து வேலை. "ஆயிரம் கோழி வச்சிருக்கிறவனுக்கு ஒரு நம்பர், பத்துக் கோழி வச்சிருக்கிற எனக்குப் பத்து நம்பரா?" என்ற மாதிரியான கேள்வி அது. விவசாயத் துறை கேட்டு வாங்கி 2009இல் வெளியான ஓர் ஆய்வும், ஒரு மாட்டுக்கு ஆகும் செலவு சிறிய பண்ணையில்தான் அதிகம் என்று காட்டியது. வில்லையின் விலை எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் எண்ணைப் படிக்கும் கருவி, கணினி, அதற்குச் செலவாகும் நேரம் எல்லாவற்றையும் ஆயிரம் மாட்டுக்குப் பங்கு போடுவது வேறு, பத்து மாட்டுக்குப் பங்கு போடுவது வேறு.

இரண்டாவது கணக்கு, லாபம் யாருக்கு. ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் இறைச்சி ஏற்றுமதி செய்தவை பெரிய நிறுவனங்கள். பக்கத்து ஊருக்குப் பாலும் முட்டையும் விற்பவருக்கு அந்தச் சந்தை திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். ஏற்றுமதி லாபம் அங்கே, செலவு இங்கே என்றால் எப்படி என்று கேட்டார்கள்.

மூன்றாவது, பதிவேடு யார் கையில். என் நிலத்துக்கு ஒரு நிரந்தர எண். என்னிடம் எத்தனை மாடு, எப்போது விற்றேன் என்ற விவரம் ஒரு கணினியில். நாளைக்கு அதை யார் பார்ப்பார்கள்? நோய் வந்தால் பழி யார் தலையில் விழும்? இறைச்சிக்கூடத்தில் சேர்ந்த கிருமிக்கும் என் மாட்டின் எண்ணைக் காட்டி என் மேல் வழக்குப் போடுவார்களா? இந்தப் பயத்தில் கொஞ்சம் மிகை இருந்திருக்கலாம். ஆனால் பதில் சொல்லும் பொறுப்பு திட்டம் போட்டவர்களுடையது. அவர்கள் கடைசி வரை தெளிவாகச் சொல்லவில்லை.

நான்காவது, நம்பிக்கை. இயந்திர வாழ்க்கையை விலக்கி வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்களில் பலர், விலங்குகளுக்கு எண் போடுவதைத் தங்கள் வேதம் எச்சரிக்கும் அடையாளத்தோடு சேர்த்துப் பார்த்தார்கள். விஸ்கான்சின் மாநிலம் கால்நடை வளர்க்கும் இடங்களைப் பதிவு செய்வதைச் சட்டமாகவே ஆக்கியபோது, மத உரிமையைக் காட்டி மறுத்தவர்கள் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள்.

எதிர்ப்பு வளர்ந்த விதம்

இதற்கு ஒற்றைத் தலைவர் இருக்கவில்லை. ஒரு பக்கம் இயற்கை விவசாயம் செய்கிற இளைஞர்கள், இன்னொரு பக்கம் பழைமைவாதிகளான மேற்கு மாநில மாட்டுக்காரர்கள், நடுவில் ஆமிஷ் மக்கள், குதிரை வளர்ப்பவர்கள், வீட்டுக் கொல்லையில் நாலு கோழி வைத்திருந்தவர்கள். வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒன்றாக நின்றார்கள். டெக்சாஸில் 'பண்ணை மற்றும் மேய்ச்சல் நிலச் சுதந்திரக் கூட்டணி' உருவானது. மாட்டு வளர்ப்பாளர்களின் 'ஆர்-காஃப்' சங்கம் எதிர்த்தது. சிறு பண்ணைகளுக்காகச் சட்ட உதவி செய்யும் ஓர் அமைப்பு விவசாயத் துறை மீதே வழக்குத் தொடுத்தது.

2006 நவம்பரில் அரசு ஒரு படி இறங்கியது. தேசிய அளவில் இது விருப்பத் திட்டம்தான், கட்டாயம் இல்லை என்றது. ஆனால் சில மாநிலங்கள் கட்டாயமாக்கிக்கொண்டே போயின. 2009இல் புதிய விவசாய அமைச்சர் டாம் வில்சாக், ஒரு டஜனுக்கும் மேற்பட்ட ஊர்களில் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடத்தினார். வந்து பேசியவர்களில் பெரும்பாலோர் எதிர்த்தே பேசினார்கள். 2010 பிப்ரவரி 5 அன்று திட்டத்தைக் கைவிடுவதாக அவர் அறிவித்தார். கோடிக்கணக்கான டாலர் செலவாகியிருந்தது. கால்நடை வளர்க்கும் இடங்களில் பாதி கூடப் பதிவாகியிருக்கவில்லை.

கதை அங்கே முடிந்துவிடவில்லை. 2013 மார்ச்சில் ஒரு சிறிய விதி நடைமுறைக்கு வந்தது. மாநில எல்லையைத் தாண்டும் மாடுகளுக்கு மட்டும் அடையாளம், நடத்துவது மாநிலங்கள், விலை குறைந்த உலோக வில்லையும் செல்லும், அதை அரசே இலவசமாகக் கொடுத்தது. தன் பண்ணையிலேயே வளர்த்து, தன் ஊரிலேயே விற்பவரை அது தொடவில்லை. எதிர்ப்பின் சத்தம் பெருமளவு அடங்கியது. 2024 நவம்பரில் மின்னணு வில்லை மறுபடியும் வந்தது. மாநிலம் தாண்டும் பால் மாடுகளுக்கும் 18 மாதம் கடந்த இனப்பெருக்க மாடுகளுக்கும் அது கட்டாயமானது. இந்த முறை வில்லைகளை இலவசமாகக் கொடுக்க அரசு பணம் ஒதுக்கியது. ஆர்-காஃப் போன்றவர்கள் இதையும் எதிர்க்கிறார்கள்.

இதில் ஒரு பழைய செய்தியும் இருக்கிறது. 1930களில் தொடங்கி, கன்று வீச்சு நோயை ஒழிக்க அமெரிக்க அரசு பல பத்தாண்டுகள் பாடுபட்டது. கிடேரிக் கன்றுக்குத் தடுப்பூசி போட்டதும் காதில் ஓர் ஆரஞ்சு நிற உலோக வில்லை மாட்டுவார்கள். அந்த வில்லைக்கு இப்படி ஒரு நாடு தழுவிய போராட்டம் எழவில்லை. ஊசியோடு வந்த எண் அது. விவசாயிக்கு என்ன நன்மை என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

தமிழ்நாட்டில் இரண்டு அனுபவங்கள்

ஊசியோடு வரும் எண்ணுக்கும் வெறும் காகிதத்தோடு வரும் எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தமிழ்நாட்டிலும் பார்க்கலாம்.

இந்தியாவில் பசுவுக்கும் எருமைக்கும் மஞ்சள் நிறத்தில் 12 இலக்கக் காது வில்லை போடுகிறார்கள். மனிதர்களின் ஆதார் அட்டையைப் போல இதற்கும் 'பசு ஆதார்' என்று பெயர் வந்துவிட்டது. 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசிய விலங்கு நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கி, கோமாரி நோய்க்கும் கன்று வீச்சு நோய்க்கும் இலவசத் தடுப்பூசி போடுகிறார்கள். ஊசி போட வரும்போது வில்லையும் மாட்டுகிறார்கள். மாட்டுக் காப்பீட்டுக்கும் அந்த எண்தான் ஆதாரம். "காதுல புண்ணு வருது", "மேயும்போது முள்ளுல மாட்டிக் கிழியுது" என்ற முணுமுணுப்பு உண்டு. ஆனாலும் வில்லைக்காக யாரும் சாலைக்கு வரவில்லை.

2017இல் நடந்தது வேறு. அந்த ஆண்டு மே 23 அன்று மத்திய அரசு கால்நடைச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் விதிகளை வெளியிட்டது. சந்தையில் மாட்டை இறைச்சிக்காக விற்கக் கூடாது என்றது அந்த விதி. விற்பவர் தன் அடையாளச் சான்றையும் மாட்டின் அடையாள விவரத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். வாங்குபவர் தான் விவசாயி என்பதற்கு ஆவணம் காட்ட வேண்டும். விற்பனைச் சான்று ஐந்து பிரதி எடுத்து, அதில் ஒன்று தாசில்தார் அலுவலகத்துக்கும் ஒன்று கால்நடை மருத்துவ அதிகாரிக்கும் போக வேண்டும்.

ஒரு மாடு வைத்திருக்கும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். பால் வற்றிய மாட்டை விற்றுக் கொஞ்சம் காசு சேர்த்துத்தான் அடுத்த கறவை மாடு வாங்க முடியும். நிலமே இல்லாமல் மாடு மட்டும் வளர்ப்பவர் விவசாயி என்று எந்தப் பட்டாவைக் காட்டுவார்? தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கடும் எதிர்ப்பு எழுந்தது. மே 30 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடை நாடு முழுக்கச் செல்லும் என்றது. அந்த விதிகள் பிறகு அதே வடிவில் நடைமுறைக்கு வரவே இல்லை.

உணவு உரிமை, மதம், அரசியல் எல்லாம் அந்தப் போராட்டத்தில் கலந்திருந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு மாட்டுக்காரர் பக்கத்திலிருந்து மட்டும் பார்த்தாலும் ஒன்று தெரிகிறது. காதில் 12 இலக்க எண்ணை ஏற்றுக்கொண்ட அதே மக்கள்தான், சந்தையில் ஐந்து பிரதி காகிதத்தை மறுத்தார்கள். முதலாவது மாட்டைக் காப்பாற்றியது. இரண்டாவது மாட்டை விற்கும் வழியை அடைத்தது.

நம் தோட்டத்து மாடு

இனி நம் பக்கத்துக்கு வருவோம்.

பேராக் ரப்பர் தோட்டங்களில் நம்மவர்கள் பால்மரம் வெட்டி வாங்கிய சம்பளம் வயிற்றுக்கே பற்றாது. லயத்துக்குப் பின்னால் ஒரு மாட்டுக் கொட்டகை, நாலு ஆடு, கொஞ்சம் கோழி. அதுதான் அவர்களின் சேமிப்பு வங்கி. மகள் கல்யாணத்துக்கு ஒரு மாடு, மகன் ஐந்தாம் படிவப் பரீட்சைக்கு ஒரு கன்று என்று விற்ற கதைகள் உங்கள் குடும்பத்திலும் இருக்கும். இன்று ஆசிரியர்களாக நிற்கும் நம்மில் சிலரை வளர்த்தது அந்தக் கொட்டகைதான்.

ஆனால் மாடு மேய்ந்த புல் தோட்டத்துடையது. கொட்டகை நின்ற மண் தோட்டத்துடையது. தொரை சரியென்றால் மாடு இருக்கலாம். வேண்டாமென்றால் போக வேண்டும். ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும், இளம் கன்றுகளை மாடு மேய்ந்துவிடுகிறது என்ற புகாரும் சேர்ந்துகொண்டது. என் பாட்டி இருந்த தோட்டத்தில் ஒருநாள் கிராணி வந்து ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். மாடுகளை இந்தத் தேதிக்குள் அப்புறப்படுத்த வேண்டும் என்று அதில் எழுதியிருந்ததாம். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டு அண்ணன் படித்துச் சொன்ன பிறகு, அவர் கேட்டது ஒன்றுதான்: "மாட்டை அப்புறப்படுத்துன்னா, எந்தப் புறம் கொண்டுபோறது?" அந்த மாடுகள் பாதி விலைக்குப் போயின. பேராக்கில் மாடு வளர்ப்போருக்கு இப்படிப்பட்ட நோட்டீசு வருவது சமீப ஆண்டுகளிலும் செய்தியாகியிருக்கிறது.

எண் என்றால் என்ன என்பதும் நம் மக்களுக்குத் தெரியும். 1948இல் அவசரகாலம் சுங்கை சிப்புட்டில் வெடித்தபோது, ஆளுக்கொரு அடையாள அட்டை வந்தது. 1950இலிருந்து பிரிக்ஸ் திட்டத்தின் கீழ் மக்களைக் கம்பி வேலிக்குள் குடியேற்றிய புதுக்கிராமங்களில் அந்த அட்டைதான் வாசலில் நின்றது. நம் குனோங் ராபாட்டும் அப்படிப்பட்ட புதுக்கிராமத்தைக் கண்ட ஊர்தான். பிறகு சுதந்திர நாட்டில் நீல ஐசியா சிவப்பு ஐசியா என்பது ஒரு குடும்பத்தின் வேலையையும் பிள்ளையின் படிப்பையும் தீர்மானித்தது. 1969க்குப் பின் வேலை பெர்மிட் கிடைக்காமல் எத்தனையோ தோட்டத் தொழிலாளர்கள் கப்பலேறினார்கள். ஆகவே "அரசாங்கத்தில் பதிஞ்சுக்கோ, நல்லதுதான்" என்று யாராவது சொன்னால், நம் பெரியவர்கள் கொஞ்சம் தயங்குவார்கள். அதை அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள், அது அனுபவம்.

இன்று நம் நாட்டிலும் கால்நடை மருத்துவச் சேவைத் துறை பண்ணைகளைப் பதிவு செய்கிறது. மாடுகளின் காதில் வில்லை தொங்குகிறது. மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோக அனுமதி வேண்டும். கிந்தா கண்ட 1998ஐ நினைத்தால் இவற்றைக் குறை சொல்ல முடியாது. பதிவு செய்தவருக்குத் தடுப்பூசியும் ஆலோசனையும் கிடைக்க வழி உண்டு. ஆனால் பதிவுக்கு ஒரு முகவரி வேண்டும். தோட்டத்து மாட்டுக்காரர் எந்த முகவரியை எழுதுவார்? தன் பெயரில் ஒரு அடி மண் இல்லாதவர், "இங்கே இத்தனை மாடு நிற்கிறது" என்று எழுதிக் கொடுத்தால், அது உதவிக்கு விண்ணப்பமாகுமா, தன்னைத் தானே காட்டிக்கொடுத்ததாகுமா? அமெரிக்க விவசாயி தன் சொந்த நிலத்தில் நின்றுகொண்டு அரசை எதிர்த்தார். நம்மவர்கள் நிற்பது அடுத்தவர் நிலத்தில். அவர்களால் எதிர்க்கவும் முடிவதில்லை, பதியவும் முடிவதில்லை; அதனால் பேசாமல் ஒதுங்கிக்கொள்கிறார்கள். நோய்த் தடுப்புக்கும் அது நல்லதில்லை. கணக்கில் வராத மாட்டைத் தேடி ஊசி வராது.

மேலே சொன்ன அனுபவங்களைச் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். சிறு விவசாயி எண்ணைக் கண்டு பயப்படுவதில்லை. அந்த எண் எதைக் கொண்டுவருகிறது என்று பார்க்கிறார். ஊசியும் காப்பீடும் வந்தால் காதை நீட்டுகிறார். செலவும் சந்தேகமும் தண்டனையும் மட்டும் வந்தால் கதவைச் சாத்துகிறார். நம் தோட்டத்து மாட்டுக்காரருக்கு வில்லையோடு மேய்ச்சலுக்கு ஒரு துண்டு நிலமும் சேர்ந்து வந்தால், அவரே முதல் ஆளாகப் போய்ப் பதிவார்.

வகுப்பறைக்கு

இந்தப் பாடத்தைப் படிநிலை இரண்டு மாணவர்களுக்கும் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கும் நடத்தலாம். நான் செய்து பார்த்த மூன்று வேலைகளைச் சொல்கிறேன்.

ஒன்று: தாத்தா பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் மாடு இருந்ததா? அதன் பெயர் என்ன? கூட்டத்தில் அதை எப்படி அடையாளம் கண்டீர்கள்? கடைசியில் அந்த மாடு எங்கே போனது? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்களைத் தேதியோடு பலகையில் எழுதுங்கள். உங்கள் வட்டாரத் தோட்டங்களின் வரலாறு அதிலேயே வந்துவிடும்.

இரண்டு: வகுப்பை நாலாகப் பிரியுங்கள். ஒரு குழு கால்நடை மருத்துவர், ஒரு குழு பெரிய பண்ணை, ஒரு குழு மூன்று மாடு வைத்திருப்பவர், ஒரு குழு தோட்ட நிர்வாகம். எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு விதி எழுத வேண்டும். யார் செலவு செய்வது, பதிவேடு யாரிடம் இருப்பது, பதிந்தவருக்கு என்ன கிடைக்கும் என்ற மூன்றுக்கும் அதில் பதில் இருக்க வேண்டும். போன முறை என் வகுப்பில் மருத்துவர் குழுதான் முதலில் வில்லை இலவசம் என்றது. நிர்வாகக் குழு கடைசி வரை நிலத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை!

மூன்று: 1998 நிப்பா நோயை நேரில் கண்டவர்கள் உங்கள் ஊரில் இருந்தால் வகுப்புக்கு அழையுங்கள். குறிப்பாக ஈப்போ சுற்றுவட்டாரப் பள்ளிகள் இதைத் தவறவிட வேண்டாம். எண் ஏன் வேண்டும் என்பதை நம்மைவிட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள்.

அந்தப் பின்வரிசைப் பையனுக்கு நான் கடைசியில் சொன்ன பதில் இது: "மாட்டைப் போலீஸ் பிடிக்காதுப்பா. ஆனா மாட்டுக்காரரைக் கேள்வி கேப்பாங்க. அந்தக் கேள்விக்குப் பதில் எழுத அவருக்கு ஒரு முகவரி வேணும்." அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "எங்க தாத்தாவுக்கு ரெண்டு மாடு இருந்துச்சு சார். இப்ப இல்ல" என்றான். அடுத்த வாரம் அவன் அந்த இரண்டு மாட்டின் பெயரையும் எழுதிக்கொண்டு வந்தான்.